படைப்புப் பணிக்கு எந்தக் கணினித் தளம்? ஒப்பிட்டுத் தேர்வதற்கான முழுமையான வழிகாட்டி

எந்தக் கணினியை வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, வேலை முடிந்த பிறகு உங்கள் கோப்பு யார் கைக்குப் போகிறது என்பதைத்தான். அச்சகத்துக்கா, இன்னொரு எடிட்டருக்கா, ஒலிக்கலவை செய்பவருக்கா, நேராக இணையத்துக்கா என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடுகிறது. மேக், விண்டோஸ், லினக்ஸ், ஐபேட் ஆகிய நான்கிலும் இன்று ஓவியம் வரையலாம், வீடியோ எடிட் செய்யலாம், இசை பதியலாம். எனவே எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாக ஒப்பிடுவதில் பயனில்லை. நீங்கள் உண்மையில் செய்யும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது ஒவ்வொரு தளத்திலும் எங்கே தடையின்றி ஓடுகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: கோப்பின் பயணத்தைத் தாளில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வலது ஓரத்தில் நீங்கள் கடைசியாக ஒப்படைக்கும் கோப்பின் வகையை எழுதுங்கள். பிறகு அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி நடந்து, அதற்கு முந்தைய ஒவ்வொரு நிலையிலும் கோப்பு எந்த வடிவில் இருக்கிறது, அதை எந்த மென்பொருள் தொடுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஓர் ஆவணப்படம் என்றால் வலது ஓரத்தில் ஆப்பிளின் உயர்தர வீடியோ வடிவமான ப்ரோரெஸ் கோப்பு, அதற்கு முன் வண்ணத்திருத்தம், அதற்கு முன் ஒலிக்கலவைக்குப் போய் வந்த வேவ் ஒலிக்கோப்புகள், அதற்கு முன் எடிட்டிங், இடது ஓரத்தில் கேமரா மிகவும் சுருக்கிப் பதிவு செய்த எச்.265 கோப்பு என்று அது அமையும்.

இப்போது சிவப்பு மையால், உங்கள் விருப்பத்தில் இல்லாத நிலைகளை மட்டும் வட்டமிடுங்கள். அச்சகம் பக்க வடிவமைப்புக்கான இன்டிசைன் கோப்பைத்தான் கேட்கிறது, இசையமைப்பாளர் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக் ப்ரோவில்தான் திறக்கிறார் என்பன போன்றவை அந்த வட்டங்கள். வட்டம் ஒன்றுமே இல்லாதவர் நான்கு தளங்களையும் பரிசீலிக்கலாம். மூன்று வட்டங்கள் உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒரு தளமோ இரண்டோதான் மிஞ்சும்.

படி 2: தளத்தைக் கட்டிப்போடும் மென்பொருள்களைப் பிரித்தெடுங்கள்

வீடியோ எடிட்டிங்குக்கான ஃபைனல் கட் ப்ரோவும் லாஜிக் ப்ரோவும் ஆப்பிளின் தளங்களில் மட்டுமே ஓடும். லாஜிக் ஒரு காலத்தில் விண்டோஸிலும் இருந்தது. அதை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை 2002இல் ஆப்பிள் வாங்கியதோடு விண்டோஸ் பதிப்பு நின்றது. முப்பரிமாண மென்பொருளான 3டிஎஸ் மேக்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. ப்ரோக்ரியேட்டை நம்பி வரைபவர் ஐபேடை விட்டு நகர முடியாது. அடோபி நிறுவனத்தின் ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆகியவை மேக்கிலும் விண்டோஸிலும் உண்டு, லினக்ஸில் இல்லை. வீடியோவுக்கான டாவின்சி ரிசால்வ், முப்பரிமாணத்துக்கான ப்ளெண்டர், மாயா, ஹூடினி, காட்சிகளை ஒன்றுசேர்க்கும் நியூக், ஒலிக்கான ரீப்பர் ஆகியவை மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகின்றன.

வடிவமைப்பாளர் என்றால் மேக்தான் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது பிறந்த காலத்தில் அதற்குச் சரியான காரணம் இருந்தது. 1985இல் மேக்கின்டோஷ், லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் நான்கும் ஒன்றுசேர்ந்தபோதுதான் மேசைக்கணினியில் பக்கம் வடிவமைப்பது நடைமுறைக்கு வந்தது. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பும் மேக்குக்கு மட்டுமே வந்தது. அந்தக் காரணம் இன்று இல்லை. ஒரே ஃபோட்டோஷாப் கோப்பு இரண்டு தளங்களிலும் ஒன்றுபோலவே திறக்கிறது.

லினக்ஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைப் பலர் பரிசீலிக்காமலேயே ஒதுக்குகிறார்கள். திரைப்பட விஷுவல் எஃபெக்ட்ஸ் கூடங்களில் மாயாவும் ஹூடினியும் நியூக்கும் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2025இல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற படம், எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ப்ளெண்டரில் உருவானது. க்ரிட்டாவும் இங்க்ஸ்கேப்பும் அன்றாட ஓவியப் பணிக்கு முழுமையாகப் போதும். படத்திருத்த மென்பொருளான கிம்ப்பின் 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு, மூலப்படத்தை மாற்றாமல் விளைவுகளைச் சேர்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. முப்பரிமாணமும் ஓவியமும் உங்கள் தொழில் என்றால் லினக்ஸ் நல்ல தேர்வு என்பது என் கருத்து. ஆனால் அடோபி கோப்புகளைத் தினமும் வாங்கிக் கொடுக்கும் இடத்தில் இருந்தால், நாள்தோறும் மாற்றுவதும் திருத்துவதுமாகவே பொழுது போய்விடும்.

படி 3: ஒரு சோதனைக் கோப்பைத் தயார் செய்யுங்கள்

சோதனை நிறுவனங்கள் வெளியிடும் மதிப்பெண்கள் உங்கள் வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது. இதுவரை நீங்கள் செய்தவற்றிலேயே மிகக் கனமான பணியிலிருந்து ஒரு பகுதியை, அதன் மூலக்கோப்புகள் எல்லாவற்றோடும், ஒரே கோப்புறையில் நகலெடுங்கள். வீடியோவானால் மூன்று நிமிடம் போதும். ஓவியமானால் அதிக அடுக்குகள் கொண்ட ஒரு படம். இசையானால் அதிகப் பிளக்இன்கள் (ஒலி விளைவுகளைச் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) உள்ள ஒரு பாடல். நண்பரின் கணினி, வாடகைக் கணினி, சோதித்துப் பார்க்க அனுமதிக்கும் விற்பனையகம் என எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் அதே கோப்புறையை மட்டும் பயன்படுத்துங்கள்.

திறக்க எடுக்கும் நேரம், தடங்கலின்றி ஓடுகிறதா என்பது, எக்ஸ்போர்ட் ஆகும் நேரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட்டை மட்டும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து நான்கு முறை செய்ய வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் முதல் சுற்றில் முழு வேகத்தில் ஓடி, சூடேறியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் சுற்றில் 4 நிமிடமும் நான்காவதில் 6 நிமிடமும் ஆனால், நீண்ட வேலையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேகம் அந்த 6 நிமிடம்தான். பிறகு மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஐந்தாவது முறை ஓட்டுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் மடிக்கணினிகள் பேட்டரியில் வெகுவாக மந்தப்படுவதையும், 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தப் பிராசசரான எம்1 வந்தது முதல் ஆப்பிள் மடிக்கணினிகளில் அந்த வேறுபாடு மிகக் குறைவாக இருப்பதையும் நேரடியாகவே காண்பீர்கள். வெளியிடங்களில் அமர்ந்து எடிட் செய்பவருக்கு இந்த ஒரு சோதனையே தீர்ப்பாக அமைந்துவிடலாம்.

படி 4: வீடியோ என்றால் கோடெக்கைப் பாருங்கள்

வீடியோ எடிட்டிங்கில் பிராசசரின் வேகத்தைவிட முக்கியமானது, உங்கள் கேமராவின் கோடெக்கை, அதாவது வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறையை, விரித்துக் காட்டும் தனிச் சுற்று அந்தக் கணினியில் இருக்கிறதா என்பதுதான். இதை அறியாமல் விலையுயர்ந்த கணினியை வாங்கிவிட்டு, டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் ஏராளம்.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் எச்.265 வடிவில், அதிக நிறப் படிநிலைகள் தரும் 10 பிட் ஆழத்தில், நிறத்தை அதிக விவரத்தோடு வைக்கும் 4:2:2 முறையில் பதிகின்றன. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் சிக்கல். ஆப்பிளின் எம் வரிசைப் பிராசசர்கள் இதை வன்பொருளிலேயே விரிக்கின்றன. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதலான பிராசசர்களின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியும் விரிக்கும். என்விடியா கார்டுகளிலோ 2025இல் வந்த 50 வரிசையில்தான் இந்த வசதி சேர்ந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் இந்தக் கோப்பு வரும்போது பாரம் பிராசசரின் தலையில் விழும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அதில் உள்கிராபிக்ஸ் இருக்காது. சற்று மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால், எடிட்டருக்குத் தேவையான அதே பகுதியை விட்டுவிட்டு வாங்கியதாக ஆகும்.

ப்ரோரெஸ் பயன்படுத்துவோருக்கும் இதுபோல ஒரு குறிப்பு உண்டு. முதல் எம்1 பிராசசரில் ப்ரோரெஸுக்கான தனிச் சுற்று இல்லை. 2021இன் எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ் ஆகியவற்றிலும், அடிப்படை மாடல்களில் எம்2 முதலும் அது இருக்கிறது. பழைய மேக் ஒன்றை வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். லினக்ஸில் எடிட் செய்ய விரும்புபவர் ஒன்று கட்டணப் பதிப்பை வாங்க வேண்டும், அல்லது எல்லாக் கோப்புகளையும் முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

சேமிப்பிடத்தையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். 3840க்கு 2160 அளவில், வினாடிக்கு 24 பிரேம் வீதம், ப்ரோரெஸ் 422 எச்க்யூ வினாடிக்கு ஏறத்தாழ 707 மெகாபிட் எடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு அது 318 ஜிபி ஆகிறது. 512 ஜிபி உள்ளமைந்த மடிக்கணினியில் ஒன்றரை மணி நேரப் பதிவைக்கூட நிம்மதியாக வைக்க முடியாது என்பதால், வெளி எஸ்எஸ்டியையும் அதை வேகமாக இணைக்கும் துளையையும் கணினியின் ஒரு பகுதியாகவே எண்ணி ஒப்பிட வேண்டும்.

படி 5: ஒலி என்றால் தாமதத்தை அளந்து பாருங்கள்

பாடகர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டு பாடும்போது, அந்தக் குரல் கணினிக்குள் போய்த் திரும்பி வரும் தாமதம்தான் தளங்களை வேறுபடுத்துகிறது. கணினி ஒலியைப் பஃபர் எனும் சிறு சிறு துண்டுகளாக எடுத்துக் கையாள்கிறது. ஒரு பஃபரில் 128 மாதிரிகள், பதிவு வேகம் வினாடிக்கு 48,000 மாதிரிகள் எனில், ஒரு பஃபரின் நேரம் 2.7 மில்லிவினாடி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று 5.3 ஆகும். அதன்மேல் மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும், அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் தம் பங்குக்குச் சேர்ப்பதைத் திரையில் காட்டப்படும் எண்ணை வைத்து நம்பிவிடக் கூடாது.

அளப்பது எளிது. இன்டர்ஃபேஸின் வெளியீட்டுத் துளையிலிருந்து உள்ளீட்டுத் துளைக்கு ஒரு கேபிளைச் செருகுங்கள். ஒரு டிராக்கில் ஒரே ஒரு கூர்மையான 'டிக்' ஒலியை வைத்து ஓடவிட்டு, அதை மற்றொரு டிராக்கில் பதிவு செய்யுங்கள். மென்பொருளின் தானியங்கித் தாமதத் திருத்தத்தை மட்டும் அப்போது அணைத்து வைக்க வேண்டும். பிறகு இரண்டு டிராக்கையும் நன்றாகப் பெரிதாக்கி, முதல் 'டிக்' எழும் இடத்துக்கும் இரண்டாவது எழும் இடத்துக்கும் இடையே எத்தனை மாதிரிகள் என்று எண்ணுங்கள். 480 மாதிரிகள் என்றால் 10 மில்லிவினாடி. அவ்வளவு தாமதத்தைப் பாடகர்கள் பலர் உணர்ந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். அதன் பாதிக்குள் இருந்தால் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

மேக்கில் ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ இயங்குதளத்தோடே வருவதால், இன்டர்ஃபேஸைச் செருகியதும் பெரும்பாலும் வேலை தொடங்கிவிடுகிறது. விண்டோஸில் 1997இல் ஸ்டெயின்பர்க் கொண்டுவந்த ஆசியோ முறையே இன்றும் தொழில்முறைப் பதிவுக்கு அடித்தளம். இன்டர்ஃபேஸைச் செய்தவர்கள் எழுதிய டிரைவரின் தரத்தைப் பொறுத்தே தாமதமும் அமையும். ஆர்ம் பிராசசர் கொண்ட புதிய விண்டோஸ் மடிக்கணினிகளில் பழைய மென்பொருள்கள் எமுலேஷன் (பழைய வகைப் பிராசசரைப் போல நடந்துகொள்ளும் முறை) வழியாக ஓடினாலும், டிரைவர்கள் அப்படி ஓடாது. உங்கள் இன்டர்ஃபேஸுக்கு ஆர்ம் டிரைவர் வெளிவந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அத்தகைய கணினியை வாங்க வேண்டாம். லினக்ஸில் ஒலியைக் கையாள ஜாக், அதன்பின் பைப்வயர் என்று நிலைமை மிகவும் முன்னேறியிருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பிடித்த பிளக்இன் லினக்ஸுக்கு வெளிவராமல் இருப்பதே அங்கே பெரிய தடை.

படி 6: முப்பரிமாணம் என்றால் கிராபிக்ஸ் நினைவகத்தைக் கணக்கிடுங்கள்

என்விடியா கார்டில் கணக்கீடு செய்ய உதவும் கூடா முறை 2007 முதல் இருந்துவருவதால், காட்சியை இறுதிப் படமாக்கும் ரெண்டர் மென்பொருள்கள் பலவும் அதை நம்பியே எழுதப்பட்டன. மேக்கோ 2018இன் மொஹாவி பதிப்பு முதல் புதிய என்விடியா கார்டுகளை ஏற்பதில்லை. ப்ளெண்டரில் ஏஎம்டி கார்டுகளுக்கான புதிய வழி 2021இலும், ஆப்பிளின் கிராபிக்ஸ் முறையான மெட்டல் 2022இலும் சேர்ந்ததால் இடைவெளி குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு பிரேமை வேகமாக ரெண்டர் செய்வதே உங்கள் முதல் தேவை என்றால், என்விடியா கார்டு பொருத்திய விண்டோஸ் அல்லது லினக்ஸ் மேசைக்கணினியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 12 ஜிபி நினைவகம் உள்ள கார்டில் 20 ஜிபி காட்சியை ஏற்றினால், ரெண்டர் வெகுவாகத் தாமதமாகும் அல்லது நின்றே போகும். ஆப்பிளின் எம் வரிசையில் பிராசசரும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே ரேமைப் பகிர்ந்துகொள்வதால், 64 ஜிபி உள்ள மேக் அதே காட்சியைச் சற்று மெதுவாகவேனும் முடித்துக் கொடுக்கும். எனவே உங்கள் காட்சிகளின் அளவை ப்ளெண்டரின் புள்ளிவிவரப் பகுதியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 7: எழுத்தையும் நிறத்தையும் சோதியுங்கள்

தமிழில் வடிவமைப்பவர்கள் ஒவ்வொரு மென்பொருளிலும் 'கொ, கோ, கௌ, ஸ்ரீ' என்று தட்டிப் பார்க்க வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டால், அந்த மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்கும் முறையைப் பயன்படுத்தவில்லை என்று பொருள். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் காம்போசரைத் தேர்ந்தால் இது சரியாகிவிடும். எழுத்துருவையும் தளத்தை நம்பி விடாதீர்கள். விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், லினக்ஸில் பெரும்பாலும் நோட்டோ என்று இயல்பு எழுத்துருக்கள் வேறுபடுவதால், ஒரு தளத்தில் சரியாக அமர்ந்த வரி இன்னொன்றில் மடங்கி அடுத்த வரிக்குப் போய்விடும். எல்லாத் தளத்திலும் நிறுவ உரிமையுள்ள யூனிகோட் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, அதையும் கோப்போடு சேர்த்து வைப்பதே வழி.

நிறத்தைப் பொறுத்தவரை, மேக் முழுத் திரைக்கும் நிற மேலாண்மை செய்கிறது, அதாவது நிறங்களைத் திரைக்கு ஏற்பத் திருத்திக் காட்டுகிறது. விண்டோஸில் பெரும்பாலும் ஒவ்வொரு மென்பொருளும் தானே செய்துகொள்ள வேண்டும். விரிந்த நிறப்பரப்புள்ள திரையில் அது செய்யப்படாதபோது மனித முகங்கள் தேவைக்கு மேல் சிவந்து தெரியும். எந்தத் தளமானாலும் திரையை அளவீட்டுக் கருவி கொண்டு சீரமைப்பது கட்டாயம்.

படி 8: இரண்டு தளங்களுக்கு இடையே போக்குவரத்தைச் சீர் செய்யுங்கள்

டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை தளத்துக்குத் தளம் மாறும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் டிஸ்கை விண்டோஸ் தானாகப் படிக்காது. எக்ஸ்ஃபேட் முறை மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றுக்கும் பொது. 2019 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே அது இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் டிஸ்க் எளிதில் பழுதாகும் என்பதால், வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பிறகே எடுக்க வேண்டும்.

கோப்புப் பெயர்களில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள்குறி வேண்டாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. பெயரை இருபது எழுத்துகளுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. தமிழ்ப் பெயர்களில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறை அதைப் பிரித்து வைத்ததால், அந்த டிஸ்கிலிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பைத் தேடினால், பெயர் கண்ணெதிரே தெரிந்தும் தேடலில் அகப்படாது.

படி 9: எத்தனை ஆண்டு உழைக்கும் என்று பாருங்கள்

விண்டோஸ் மேசைக்கணினியில் ரேமையும் கார்டையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மேக்கில் வாங்கும் நாளில் எடுத்த ரேம்தான் கடைசிவரை. 24 மெகாபிக்சல் படத்தின் ஓர் அடுக்கு 16 பிட்டில் 144 எம்பி பிடிக்கும் என்ற கணக்கை வைத்து, உங்கள் வழக்கமான அடுக்கு எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்து, அதன் இரு மடங்குக்குக் குறையாமல் எடுங்கள்.

இயங்குதளத்தின் ஆயுளையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 2019இன் கட்டலினா பதிப்போடு மேக் பழைய 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டது. இன்டெல் மேக்குகளுக்கு டஹோவே கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது.

இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் முடித்திருந்த ஓர் ஒலிநூலில் ஒரு பெயரின் உச்சரிப்பை மட்டும் மாற்றித் தர வேண்டியிருந்தது. கோப்பு திறந்தது. ஆனால் குரலுக்கு அந்த அறையின் முழக்கத்தைக் கொடுத்த பிளக்இன் புதிய கணினியில் ஓடவில்லை; அதைச் செய்த சிறு நிறுவனமும் தொழிலை நிறுத்திவிட்டிருந்தது. நான்கு வினாடிக் குரலை மற்றப் பகுதியோடு ஒத்துப்போகச் செய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அன்று முதல் ஒவ்வொரு பணியையும் முடித்ததும், ஒவ்வொரு டிராக்கையும் விளைவுகளோடு ஒரு முறையும் விளைவுகள் இல்லாமல் ஒரு முறையும் வேவ் கோப்பாக எழுதி வைக்கிறேன். வீடியோவில் முழுத்தரப் பிரதியும், வடிவமைப்பில் பிடிஎஃப் பிரதியும் இதற்கு இணையானவை. ஒரு தளத்தை ஒப்பிடும்போது, அதிலிருந்து இப்படி வேலையை வெளியே எடுப்பது எத்தனை எளிது என்பதையும் சோதனைக் கோப்பில் செய்து பாருங்கள்.

படி 10: மாறும்போது ஒரே நாளில் மாறாதீர்கள்

முடிவெடுத்த பிறகு, புதிய கணினியில் ஒரு புதிய பணியை மட்டும் தொடங்குங்கள். பாதியில் இருக்கும் பணிகள் பழைய கணினியிலேயே முடியட்டும். விசைக் குறுக்குவழிகள் கைக்குப் பழக ஒரு மாதமாவது ஆகும். அந்த மாதத்தில் அவசர வேலைகளை ஒப்புக்கொள்ள வேண்டாம். பழைய கணினியை விற்கும் முன் அதிலுள்ள மூன்று பழைய பணிகளைப் புதியதில் திறந்து, எழுத்துரு, பிளக்இன், இணைப்புக் கோப்பு எதுவும் விடுபடவில்லை என்று பாருங்கள். பிறகு மென்பொருள் உரிமங்களைப் பழைய கணினியிலிருந்து விலக்கிக்கொண்டு, அதன் டிஸ்கின் முழு நகலை வெளி டிஸ்கில் எடுத்து, அந்த வெளி டிஸ்கின் மேலே தேதியை எழுதி ஒட்டி வைத்துவிட்டுப் பழைய கணினியை விற்கலாம்.